இரண்டு கையிலும் பிபி பார்க்கச் சொல்லுங்கள்

காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். வயது 34. மூன்று வருடத்துக்கு முன்னால் என் உடம்பில் தொடங்கிய ரத்தக்குழாய் நோய்க்கு ஒரு பெயர் கிடைப்பதற்கே ஒன்றரை வருடம் போல ஆகிவிட்டது. அதற்குள் கைக்காசு ஒரு லட்சத்துக்கு மேல் கரைந்தது. அதில் பாதிக்கு மேல் இந்த நோய்க்குச் சம்பந்தமே இல்லாத செலவு. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். அத்தைக்கு நடமாட்டம் குறைவு, மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போவது, ரிப்போர்ட் வாங்குவது, டாக்டர் சொன்னதை வீட்டுக்கு வந்து திரும்ப யோசித்துப் புரிந்துகொள்வது, எல்லாரும் தூங்கிய பிறகு அழுவது, எல்லாமே தனியாகத்தான். யாராவது ஒருவர் முன்கூட்டியே இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எனக்கு நடந்ததையும், என் டாக்டர்கள் சொல்லி நான் தெரிந்துகொண்டதையும் மட்டும் சொல்கிறேன்.

முதலில் வந்தது வெறும் அசதி. தீபாவளி ஆர்டர் முடிந்தால் எல்லாருக்கும் உடம்பு அடித்துப் போட்ட மாதிரிதான் இருக்கும். ஆனால் கார்த்திகை போய் தை வந்தும் அது தீரவில்லை. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கும், காலையில் இருக்காது. 52 கிலோ இருந்தவள் 45-க்கு வந்துவிட்டேன். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். கழுத்தில் இடது பக்கம் தொட்டால் வலிக்கும். அதைத் தொண்டைப் புண் என்று சொல்லி ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, ஒரு மாத்திரை இருந்தது. காய்ச்சலும் இளைப்பும் கழுத்து வலியும் ஒரே இடத்திலிருந்து வரலாம் என்று அந்தச் சமயத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் கை. எங்கள் பக்கத்துப் பலகாரங்களில் தேன்குழலுக்கும் மனகோலத்துக்கும் அச்சில் மாவைப் போட்டு இரண்டு கையாலும் அழுத்திப் பிழிய வேண்டும். இருப்புச்சட்டி மேலே கையைத் தூக்கிப் பிடித்தபடி பிழிவது. ஒரு ஈடு பிழிந்ததும் இடது கை கனத்துப் போகும். தோளிலிருந்து முழங்கை வரை ஒரு இறுக்கமான வலி வரும், விரல்கள் சோர்ந்துவிடும். கையைத் தொங்கப்போட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். மறுபடி பிழிந்தால் மறுபடி வரும். மகளுக்கு இரட்டைச் சடை போடும்போது ஒரு சடை முடிவதற்குள் இடது கை தானாகக் கீழே இறங்கிவிடும். "அம்மா, கோணலா இருக்கு" என்பாள். ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடிக்கும். அந்த வலியை விட, ஒரு சடை போட முடியவில்லையே என்பதுதான் அப்போது என்னை உலுக்கியது.

கை வலி என்று போனதும் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள். நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்கக் கழுத்துக்கு எம்ஆர்ஐ எடுத்தேன், எட்டாயிரம் ரூபாய். அதில் சின்னதாக ஏதோ தேய்மானம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கழுத்துப் பட்டை, இழுவை சிகிச்சை, பிசியோதெரபி, வலி மாத்திரை என்று மாதக்கணக்கில் போனது. எம்ஆர்ஐ எடுத்தால் முப்பது வயது தாண்டிய பலருக்கும் சின்னச் சின்னத் தேய்மானம் தெரியத்தான் செய்யும், அதுதான் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது என்பதைப் பிறகு நான் பார்த்த மதுரை டாக்டர் சொன்னார். இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும்போது மட்டும் வந்து, கையை ஓய்வாக வைத்ததும் சில நிமிடங்களில் போய்விடுகிற வலி, மறுபடி அதே வேலையைச் செய்தால் அதே மாதிரி வருகிற வலி, ரத்தம் போதாமல் வரும் வலியாக இருக்கலாம். நரம்பு வலி பெரும்பாலும் அப்படி வேலைக்கும் ஓய்வுக்கும் கட்டுப்பட்டு வராது. கழுத்தைத் திருப்பினால் கூடும், சும்மா படுத்திருக்கும்போதே மின்சாரம் மாதிரி இறங்கும். டாக்டரிடம் "கை வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது வருகிறது, எத்தனை நிமிடத்தில் போகிறது, கை சில்லென்று இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கை சில்லென்று இருப்பதை முதலில் கவனித்தது எனக்குப் பலகாரம் கற்றுக்கொடுத்த கோட்டையூர் ஆச்சி. அவர் வீட்டுச் சாந்திக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது வெற்றிலை பாக்கு கொடுத்து என் இரண்டு கையையும் பிடித்தார். "என்னாத்தா, ஒரு கை சுடுது, ஒரு கை சில்லுன்னு கெடக்கு?" என்றார். அடுத்த முறை டாக்டரிடம் இதைச் சொன்னேன். நரம்பு அழுந்தினால் அப்படி இருக்கும் என்றார்.

வேறொரு இடத்தில் ரத்தப் பரிசோதனை எடுத்தபோது இஎஸ்ஆர் 98 என்று வந்தது. பெண்களுக்குச் சாதாரணமாக 20-க்குள் இருக்க வேண்டியது. உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும், எங்கே என்று சொல்லாது. இளைப்பு, சாயங்காலக் காய்ச்சல், இஎஸ்ஆர் 98. உடனே டிபியாக இருக்கும் என்றார்கள். கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ சோதனையில் தடிப்பு வந்தது. நம் நாட்டில் டிபி கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்துபோன பெரியவர்கள் ஏராளம். அவர்களுக்கும் அந்தச் சோதனையில் தடிப்பு வரும். அதை மட்டும் வைத்து இப்போது டிபி நோய் இருக்கிறது என்று சொல்ல முடியாது. சளிப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் செய்தி தெருவுக்குப் போய்விட்டது. தேவகோட்டையிலிருந்து வந்திருந்த ஒரு கல்யாணச் சீர் ஆர்டர், நாற்பதாயிரத்துக்கு மேல், ரத்தாகிவிட்டது. காரணம் சொல்லவில்லை, எனக்கே தெரியும். பலகாரம் போடுகிறவளுக்கு டிபி என்று பேச்சு வந்தால் அதற்கு மேல் என்ன சொல்ல? நான் தொட்ட மாவை யாரும் தொடமாட்டார்கள் என்று தோன்றி, ஒரு வாரம் அடுப்பே பற்றவைக்கவில்லை. நோய் தந்த வேதனையை விட அந்த வாரம் எனக்குக் கொடுமையாக இருந்தது.

திருப்பம் வந்தது பெரிய ஆஸ்பத்திரியில் அல்ல, எங்கள் வீட்டுத் திண்ணையில். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அத்தைக்குப் பிபி, சுகர் பார்த்து மாத்திரை கொடுக்க மாதாமாதம் ஒரு பெண் வருவார். அன்றைக்கு அத்தைக்குப் பார்த்துவிட்டு, நான் சோர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து "அக்கா, உங்களுக்கும் ஒருதரம் பார்த்துடறேன்" என்று இடது கையில் பட்டையைக் கட்டினார். எரர் என்று வந்தது. மறுபடி கட்டினார், மறுபடி எரர். எனக்கு இது புதிதில்லை. போகிற இடத்திலெல்லாம் நர்ஸ்கள் மெஷின் சரியில்லை என்று சொல்லி வேறு மெஷின் எடுப்பார்கள், இல்லையென்றால் ஏதோ ஒரு குறைந்த எண்ணை எழுதிக்கொள்வார்கள். "உங்களுக்கு லோ பிபி, நல்லாச் சாப்பிடுங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். இந்தப் பெண் மட்டும் அப்படி விடவில்லை. மணிக்கட்டில் விரலை வைத்து ரொம்ப நேரம் தேடினார். அப்புறம் வலது கையில் கட்டினார். 160-க்கு 100. அவர் முகம் மாறிவிட்டது. "அக்கா, இந்தக் கையில நாடியே கிடைக்கல. அந்தக் கையில பிபி ரொம்பக் கூட இருக்கு. இது மெஷின் கோளாறு இல்ல, உடனே டாக்டரைப் பாருங்க" என்றார். அந்தப் பெண்ணை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

அதனால் இதை எழுத்துக்கு எழுத்து அழுத்திச் சொல்கிறேன். ஒரு கையில் பிபி காட்டவில்லை என்றால் அடுத்த கையில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். மேல் எண்ணில் 10-க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டர் கவனத்துக்குக் கொண்டுபோங்கள். நாற்பது வயதுக்குள் இருக்கிற பெண்ணுக்குத் திடீரென்று பிபி கூடினால், டென்ஷன் என்று சொல்லி மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஏன் கூடியது என்று கேளுங்கள். எனக்கு இதற்குச் செலவான பணம் பூஜ்யம். எம்ஆர்ஐக்குக் கொடுத்த எட்டாயிரம் கண்டுபிடிக்காததை இரண்டு விரல் கண்டுபிடித்தது.

மறுநாள் பார்த்த பொது மருத்துவர் இரண்டு மணிக்கட்டு, முழங்கை மடிப்பு, கழுத்து, கால் என்று எல்லா இடத்திலும் நாடி பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்துப் பட்டை எலும்புக்கு மேலேயும், கழுத்திலும், வயிற்றிலும் வைத்துக் கேட்டார். குறுகிய குழாயில் ரத்தம் பீய்ச்சிக்கொண்டு போகும்போது சர் சர் என்று சத்தம் கேட்குமாம். என் இடது கழுத்துப் பட்டை எலும்புக்கு மேலே அது கேட்டது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்லி, மதுரையில் ருமட்டாலஜி டாக்டரை, அதாவது மூட்டு நோய்களையும் எதிர்ப்பு சக்தி தவறாக வேலை செய்து வரும் நோய்களையும் பார்க்கிற டாக்டரைப் பார்க்க எழுதிக் கொடுத்தார். அதற்கு முன்னால் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்று கிரியேட்டினின் பார்த்தார்கள், ஊசியில் போடும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால். ஸ்கேனுக்குப் பன்னிரண்டாயிரம் ஆனது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவர் தடித்திருந்தது. இடது கைக்குப் போகும் தமனி ஓரிடத்தில் கிட்டத்தட்ட அடைந்திருந்தது. இடது கழுத்துத் தமனியின் சுவரும் தடித்திருந்தது, தொட்டால் வலித்ததற்கு அதுதான் காரணம். இடது சிறுநீரகத்துக்குப் போகும் தமனி குறுகியிருந்தது, அதனால்தான் பிபி ஏறியிருந்தது. ஒன்றரை வருடமாகத் தனித்தனி நோய் என்று மருந்து தின்ற எல்லாவற்றுக்கும் ஒரே பதில். டக்கயாசு ஆர்ட்டரைட்டிஸ்.

ஜப்பானில் மிகிட்டோ டக்கயாசு என்ற கண் டாக்டர் 1908-இல் ஒரு இளம் பெண்ணின் கண்ணுக்குள் ரத்தக்குழாய்கள் வித்தியாசமாக இருப்பதைப் பார்த்துச் சொன்னார். அவர் பெயரே நோய்க்கு வந்துவிட்டது. நாடியற்ற நோய் என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கு வருகிறது. ஆசியாவில், நம் நாட்டிலும், மற்ற இடங்களைவிட அதிகம் பார்க்கிறார்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே ரத்தக்குழாயின் சுவரைத் தாக்குவதால் சுவர் வீங்கித் தடிக்கிறது, உள்ளே வழி குறுகுகிறது. மதுரை டாக்டர் என் முறுக்கு அச்சை வைத்தே விளக்கினார்: அச்சின் உட்புறம் மாவு காய்ந்து படிந்துகொண்டே வந்தால் வெளியே அச்சு அதே அளவில்தான் தெரியும், ஆனால் உள்ளே மாவு போக இடம் இருக்காது. இது தொற்று நோய் இல்லை, சாப்பாட்டால் வருவதும் இல்லை, என் கையால் செய்த பலகாரத்தைச் சாப்பிட்டால் யாருக்கும் எதுவும் வராது என்று அவர் சொன்னபோது அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். பெரிய நோய் என்று சொன்னதற்கு அழவில்லை, இதற்கு அழுதேன்.

ரத்தக்குழாய் அழற்சி என்பது ஒரே நோய் இல்லை. எந்த அளவுள்ள குழாயைத் தாக்குகிறது என்பதை வைத்துப் பெரியது, நடுத்தரம், சிறியது என்று பிரிக்கிறார்கள். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ருமட்டாலஜி பிரிவின் பெஞ்சில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்தவர்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன், பிறகு டாக்டரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். பெரிய குழாயைத் தாக்குவதில் என்னுடையது ஒன்று, இன்னொன்று ஐம்பது வயதுக்கு மேல் வரும் ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ். பள்ளத்தூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர், எழுபதைத் தாண்டியவர், மகனோடு வந்திருந்தார். நெற்றிப்பொட்டில் வலி, தலை சீவினால் உச்சந்தலை வலிக்கும், சாப்பிடும்போது மென்றுகொண்டே வந்தால் தாடை வலித்து நிறுத்திவிடுவாராம். பல்லுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் ஒரு கண் தெரியவில்லை. போன பார்வை திரும்பவில்லை, மற்றக் கண்ணைக் காப்பாற்ற ஸ்டீராய்டு கொடுத்தார்கள். நம் ஊரில் இது அபூர்வம்தான், ஆனால் வீட்டில் வயதானவர்களுக்குப் புதிதாகத் தலைவலியும் மெல்லும்போது தாடை வலியும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். இதில் நாள் கணக்குக் கூட இல்லை, மணிக் கணக்கு.

சிறிய குழாயைத் தாக்கும் வகைகள்தான் ஆளை ரொம்ப அலைக்கழிக்கின்றன என்று நினைக்கிறேன். திருப்பத்தூர்ப் பக்கத்து லாரி டிரைவர் அண்ணன் ஒருவருக்கு மூக்கில் பொருக்குக் கட்டி ரத்தம் வந்துகொண்டே இருந்ததாம். சைனஸ் ஆபரேஷன் வரைக்கும் போய்விட்டார். நுரையீரலில் ஓட்டை மாதிரி நிழல் தெரிந்ததால் டிபி மாத்திரையும் சாப்பிட்டிருக்கிறார். கடைசியில் சிறுநீரில் ரத்தமும் புரதமும் போவது தெரிந்து, ஆன்கா என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தபோது ஜிபிஏ என்ற வகை என்று தெரிந்தது. மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் மூன்றையும் தாக்குவது. சிறுநீரகம் கெடும்போது வலிக்காது என்பதால், சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை இதில் உயிரைக் காப்பாற்றும் பரிசோதனை என்றார் டாக்டர். இதே குடும்பத்தில் மைக்ரோஸ்கோபிக் பாலிஆஞ்சைட்டிஸ் என்பதைச் சுருக்கி எம்பிஏ என்று ஒன்று, பெரியவர்களுக்கு ஆஸ்துமாவோடு சேர்ந்து வருகிற இஜிபிஏ என்று இன்னொன்று. அதில் திடீரென்று பாதம் தொங்கிப் போய்விடுவதும் உண்டு, நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறிய குழாய்கள் அடைபடுவதால்.

குழந்தைகளுக்கு வருபவை வேறு. தேவகோட்டையிலிருந்து ஒரு பையனை அவன் அம்மா கூட்டி வந்திருந்தார். காலிலும் பிட்டத்திலும் சிவப்பும் ஊதாவுமாகப் புள்ளிகள், தடவினால் மேடாகத் தெரியும், விரலால் அழுத்தினால் மறையாது. அதோடு வயிற்று வலி, மூட்டு வீக்கம். ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ் என்று பெயர். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகிவிடுமாம். ஆனால் புள்ளி மறைந்த பிறகும் ஆறு மாதம் வரை சிறுநீர் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், சிறுநீரகம் தாமதமாகப் பாதிக்கப்படலாம் என்பதால். அந்தப் புள்ளிகளை அம்மை என்று நினைத்து வேப்பிலை கட்டி வைத்திருந்ததாக அவர் சொன்னார். இன்னொன்று கவாசாகி நோய், ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு. ஐந்து நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், பீளை இல்லாமல் சிவந்த கண், வெடித்த உதடு, செக்கச் சிவந்த நாக்கு, கை கால் வீக்கம். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாயையே தாக்கும் என்பதால், பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் நல்லது. சிறு குழந்தை வைத்திருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தரக் குழாயைத் தாக்கும் பாலிஆர்ட்டரைட்டிஸ் நோடோசா என்ற இன்னொரு வகை சிலருக்கு மஞ்சள் காமாலை பி வைரஸோடு சேர்ந்து வரும். பீடி சிகரெட் பிடிக்கும் இளவயது ஆண்களுக்குக் கால்விரல் கறுத்துப் போகும் பர்ஜர் நோயும் இங்கே அடிக்கடி பார்ப்பதுதான். அதற்குப் புகையிலையை அறவே விடுவதுதான் முதல் மருந்து, ஒன்றிரண்டு பிடித்தால் கூட நிற்காது.

என் கதைக்கு வருகிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டோடு நடுவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கேட்டபோது, உடனே ஸ்டென்ட் வைத்துவிடலாம், இரண்டு லட்சம் ஆகும் என்றார்கள். நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டேன். ருமட்டாலஜி டாக்டர்தான் நிறுத்தினார். அழற்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது குழாயை விரித்தால் மறுபடி அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். முதலில் மருந்தால் அடக்க வேண்டும், அதன் பிறகும் தேவைப்பட்டால் பார்க்கலாம், உயிருக்கோ உறுப்புக்கோ உடனடி ஆபத்து என்றால் மட்டும்தான் அவசரம் என்றார். கைக்குப் போகும் குழாயில் அடைப்பு மெதுவாக வந்ததால் உடம்பே பக்கவழியாகச் சின்னக் குழாய்களை உண்டாக்கி வைத்திருந்ததைப் படத்தில் காட்டினார். இன்றுவரை எனக்கு ஸ்டென்ட் வைக்கவில்லை. யாராவது உங்களிடம் உடனே ஸ்டென்ட் என்று சொன்னால், அழற்சி அடங்கிவிட்டதா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பிரெட்னிசலோன் ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமில் தொடங்கினார்கள். இரண்டே வாரத்தில் காய்ச்சல் போனது, கழுத்து வலி போனது. அதே வேகத்தில் முகம் உப்பியது. தூக்கம் போனது, எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது, ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பசிக்கும். இளைத்துப் போனபோது "என்ன வியாதியோ" என்றவர்கள், இப்போது "நல்லாச் செழிப்பா ஆயிட்ட" என்றார்கள். இரண்டுமே வலித்தது. ஸ்டீராய்டு உடம்பைக் கெடுக்கும், நிறுத்திவிட்டு நாட்டு மருந்து சாப்பிடு என்று உறவில் ஒருவர் ஒரு பொடியே வாங்கி வந்துவிட்டார். நான் சாப்பிடவில்லை. ஸ்டீராய்டு சில வாரம் சாப்பிட்டாலே உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைக் குறைத்துவிடும், திடீரென்று நிறுத்தினால் மயக்கம், பிபி சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் முதல் நாளே எச்சரித்திருந்தார். குறைப்பதென்றால் அவர் சொல்கிற கணக்கில், மாதக்கணக்கில்தான் குறைக்க வேண்டும். வாந்தி வந்து மாத்திரை தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கால்சியம், வைட்டமின் டி, அவ்வப்போது சுகர் பரிசோதனை, கண் பரிசோதனை, இவையும் இதோடு சேர்ந்தவை. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். பிழிந்த பலகாரத்தில் உப்பு சரியா என்று இப்போது மகள்தான் ருசி பார்த்துச் சொல்கிறாள்.

ஸ்டீராய்டைக் குறைப்பதற்காக மெத்தோட்ரெக்சேட் சேர்த்தார்கள். இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மருந்து. தினமும் என்று தவறாகச் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிர் போகும் அளவுக்கு ஆபத்து. மருந்துக் கடையில் ஒருமுறை கவரின் மேல் "இரவு 1" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். படிக்கத் தெரியாத ஒருவர் கையில் அது கிடைத்திருந்தால்? நான் கவரை அங்கேயே திருப்பிக் கொடுத்து "ஞாயிறு மட்டும்" என்று எழுதி வாங்கினேன். வீட்டு காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதோடு ஃபோலிக் ஆசிட், மாதாமாதம் ரத்த அணு, ஈரல் பரிசோதனை.

இந்த மருந்து சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு வரும் என்றபோதுதான் நான் நிஜமாகவே உடைந்தேன். அந்த வருடம் லீவில் வரும்போது இரண்டாவது குழந்தைக்கு என்று நாங்கள் பேசிவைத்திருந்தோம். வீடியோ காலில் அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று நாள் ஏதேதோ பேசிவிட்டுக் கடைசியில் சொன்னேன். "ஒன்னு இருக்குல்ல, உன் கை சரியாகட்டும்" என்றார். அப்புறம் டாக்டரிடம் நேராகவே கேட்டேன். நோய் அடங்கி, பிபி கட்டுக்குள் வந்து, மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தி மூன்று மாதமாவது கழிந்து, கர்ப்பத்தில் சாப்பிடக்கூடிய அசத்தியோப்ரின் மாதிரி மருந்துக்கு மாறிவிட்டால் முயற்சி செய்யலாம், பல பெண்கள் நல்லபடியாகப் பெற்றிருக்கிறார்கள் என்றார். இதை அவராகச் சொல்லவில்லை, நான் கேட்டதால் சொன்னார். கூட்டம் அதிகமுள்ள இடத்தில் டாக்டர்களுக்கு நேரம் இருக்காது. பெண்கள் இந்தக் கேள்வியைக் கூச்சப்படாமல் முதல் நாளே கேளுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரெட்னிசலோனும் மெத்தோட்ரெக்சேட்டும் விலை குறைந்த மாத்திரைகள், அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கின்றன. செலவு வைப்பது ஸ்கேன்களும், இவை கேட்காதபோது கொடுக்கும் டோசிலிசுமாப் மாதிரி ஊசிகளும்தான். குடும்ப வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை கிடைக்கும், குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு பதிவு செய்ய வேண்டும். உங்கள் நோயும் நீங்கள் எடுக்கப்போகும் பரிசோதனையும் அதில் வருமா என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுக் கவுன்டரில் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். படுத்த பிறகு அட்டைக்கு அலைவது தனியாள் செய்யக்கூடிய வேலை இல்லை.

இப்போது பிரெட்னிசலோன் 5 மில்லிகிராமில் இருக்கிறேன். இஎஸ்ஆர் 18. வலது கையில் பிபி 126-க்கு 80. இடது கையில் இன்னும் நாடி லேசாகத்தான் கிடைக்கிறது, அதனால் என் நோட்டின் முதல் பக்கத்தில் "பிபி வலது கையில் மட்டும் பார்க்கவும்" என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும்போதே உள்ளே அழற்சி நகரலாம் என்பதால் இடைவெளி விட்டு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தேன்குழல் பிழிய ஒரு தங்கச்சியை வேலைக்கு வைத்திருக்கிறேன். நான் மாவு பதம் பார்ப்பதோடும், ஜல்லிக்கரண்டியால் அரித்து எடுப்பதோடும் நிறுத்திக்கொள்கிறேன்.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு: மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் ருமட்டாலஜிப் பிரிவு இருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் உண்டு. வேலூர் சிஎம்சியில் டக்கயாசு நோயாளிகளை நீண்ட காலமாகப் பார்த்து வருகிறார்கள். புறநோயாளிகளைப் பார்க்கும் நாள் எது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் விடியற்காலை பஸ் ஏறினால் திருப்பத்தூர், மேலூர் வழியாக மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்து, ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுவதற்கு நேரம் சரியாக இருக்கும். எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் போட்டு, முதல் தாளில் எந்த மாதம் என்ன தொந்தரவு வந்தது என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் சிடியையும் எடுத்துப் போங்கள், வெறும் தாளை வைத்து அவர்கள் முடிவு சொல்லமாட்டார்கள். சாப்பாடும் தண்ணீரும் கையில் இருக்கட்டும், மதியத்துக்கு மேல் ஆகிவிடும்.